அபிப்பிராயப் புத்தகத்தில் வேலம்மாள்

ஸ்ரீரங்கம்,
9.7.1962

அன்புள்ள அண்ணனுக்குச் சந்திரா எழுதுவது.

அண்ணிக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டதே, வளைகாப்புக்கு நாள் பார்த்தீர்களா இல்லையா? நான் நாலு கடிதம் போட்டால் ஒன்றுக்குப் பதில் போடுகிற அண்ணன் எனக்கென்று வாய்த்திருக்கிறீர்கள். முத்திரைப்படி ஸ்டோர்ஸின் துறையூர்க் கிளை மானேஜர் ஆகிவிட்டால் கை அவ்வளவு கனத்துப் போகுமா?

உங்கள் கம்பெனி இங்கே மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கிளை திறந்து ஒரு வருஷம் ஆகிறது. அதிலிருந்து எங்கள் வரிசையில் அரட்டை எல்லாம் அந்தக் கடையைப் பற்றித்தான். குழாயடியில் தினமும் ஒரு பட்டிமன்றம். மயிலம்மாளுக்கு ஒரே விலை என்று எழுதிப் போட்டிருப்பது பிடிக்கவில்லை. "பேரம் பேசாம சாமான் வாங்கினா கடைக்குப் போன மாதிரியா இருக்கு?" என்கிறாள். சகாயம்மாளுக்கு அந்தக் கடை என்றால் உயிர். "யாரு என்னான்னு பாக்காம எல்லாரையும் ஒரே வரிசையில நிக்க வெக்கிறான் பாரு, அதுக்கே போவேன்" என்கிறாள். அடுத்த வீட்டு மாரியாயிக்கு ஒரே குறை, கொசுறு கிடையாது. ஒரு கொத்து கருவேப்பிலைகூடச் சும்மா தரமாட்டான். நல்லதோ கெட்டதோ, இனி வேறு போக்கிடமும் இல்லை. வடக்கு வாசல் எண்ணெய்க்கடை மூடி ஆறு மாதம் ஆகிறது. செக்கைப் பிரித்து விற்றுவிட்டார்கள். தில்லை நகரில் வீடே இப்போதுதான் முளைக்கிறது, அங்கேயும் உங்கள் கிளை வந்துவிட்டதாம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஒரு நோட்டுப் புத்தகம் கட்டியிருக்கிறார்களே, "உங்கள் அபிப்பிராயமே எங்கள் முத்திரை" என்று, அதில் நானும் எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்காக இல்லை. இவர்களுக்கு எழுதத் தெரியாது. ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல நான் எழுதி, கீழே அவரவர் பெயரும் வீட்டு இலக்கமும் போடுகிறேன். இதுவரை எட்டுப் பேருக்கு எழுதியாயிற்று. மாரியாயிக்குக் கருவேப்பிலை எழுதினேன். போன வாரம் எழுதியதுதான் கொஞ்சம் மனசை அரிக்கிறது. டின்னிலிருந்து ஊற்றும் நல்லெண்ணெய் நாக்கில் கசக்கிறது என்று மூன்று பேர் எழுதச் சொன்னார்கள். மூன்று பேருக்கும் கால் வீங்கியிருக்கிறது. மாரியாயிக்கு முழங்கால் வரைக்கும். எண்ணெயும் காலும் சம்பந்தப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதை எழுதினேன்.

தை மாதம் அங்கே வந்தபோது உங்கள் கடைப் புத்தகத்தைப் புரட்டிச் சிரித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "இதுபோல் சுத்தமான சரக்கு வேறெங்கும் கிடையாது. வேலம்மாள், பெருமாள் கோயில் தெரு." நம் அம்மா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். அம்மா எப்போது வந்து பருப்பு வாங்கினாள் என்று கேட்டதற்கு, "எல்லாக் கிளையிலயும் மானேஜருங்கதான் எழுதுறோம், விடு" என்றீர்கள். இங்கே நாங்கள் நிஜமாகவே எழுதுகிறோம். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை,
சந்திரம்மாள்

*

துறையூர்,
14.7.1962

சந்திராவுக்கு,

நுணுக்கி எழுதிய உன் மூன்று கார்டும் வந்தன. கார்டில் எழுதாதே என்று எத்தனை தடவை சொல்வது? தபால்காரரிலிருந்து பக்கத்துக் கடைக்காரர் வரை படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். இனிமேல் எழுதுவதானால் உறைக்குள் போட்டு ஒட்டு. எழுதாமலே இருந்தால் இன்னும் நல்லது.

நேற்று தலைமை ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். ஸ்ரீரங்கம் கிளைப் புத்தகத்திலிருந்து கிழித்தது. "எட்டு பொம்பளைங்க பேரு, எட்டும் ஒரே கை. ஒருத்தன் உக்காந்து எழுதியிருக்கான். எதிர்க்கட்சி எண்ணெய் மண்டிக்காரன் எவனோ கூலி குடுத்திருக்கான். இந்தக் கையை எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

சந்திரா, அது யார் கை என்று எனக்குத் தெரியாதா? அப்பா பத்திரம் எழுதுகிற சாய்வு மேஜைக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்து ஒரே சிலேட்டில் எழுதிப் பழகியது. வரி முடிகிற இடத்தில் அப்பா வாலை இழுத்து ஒரு சுழி சுழிப்பாரே, அது அப்படியே இருக்கிறது. என் கையும் அதே கை என்பதை மறந்துவிட்டாயா? அவர் உட்கார்ந்திருந்த மேஜையில் என் சரக்கு நோட்டு திறந்து கிடந்தது. முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருந்தேன். "தெரியலீங்களே" என்றேன். இல்லாத பெண்களின் பெயரைப் போட்டு அவதூறு எழுதியதாகப் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார்களாம்.

நான் அம்மா பெயரை எழுதியது தப்புதான். அதைப் பார்த்துவிட்டு நீயும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டாயா? மாரியாயி என்று ஒருத்தி இருக்கலாம். எட்டுப் பேருமா இருப்பார்கள்? அதில் மூன்று பேருக்குமா எண்ணெய் கசக்கும்? விளையாட்டுக்குச் செய்திருந்தால் நிறுத்திக்கொள். உன் அண்ணி பவுனம்மாளுக்கு இது நாலாவது பிள்ளைத்தாய்ச்சி வயிறு. மூன்றும் தங்கவில்லை. இந்த வேளையில் வேலை போய்த் தெருவில் நின்றால் அவளை எங்கே கொண்டு போய் வைப்பேன்?

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அழகிரி

*

ஸ்ரீரங்கம்,
19.7.1962

அண்ணனுக்கு,

உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கிறேன். திருப்தியா?

உங்கள் கம்பெனிக்காரர்கள் இல்லாத பொம்பளையை வைத்து எழுதியே பழகியவர்கள். அதனால் இருக்கிற பொம்பளையைப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. அவர்கள் அப்படி நினைத்தால் போகட்டும். கூடப் பிறந்த நீங்கள் நினைக்கலாமா? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

எட்டுப் பேரும் இருக்கிறார்கள். அம்மாமண்டபம் போகிற சாலையில் பின்பக்கச் சந்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். வந்து பாருங்கள். வந்து மாரியாயி காலை உங்கள் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசைந்த மாவில் அழுத்திய மாதிரி குழி விழுகிறது. விரலை எடுத்தாலும் குழி மேலே வருவதில்லை. முந்தாநாள் அவள் கால்விரலில் மெட்டி இறுகிக் கறுத்துவிட்டது. தட்டாரைக் கூட்டி வந்து வெட்டி எடுத்தோம். புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியை வெட்டுகிறார்களே என்று அவள் அழுத அழுகை இருக்கிறதே! பூக்கட்டுகிறவள், ஒரு நாள் உட்கார்ந்தால் வீட்டில் உலை கிடையாது. இப்போது நாலு முழம் கட்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "உங்க தெருவுல இன்னும் யாருக்காவது இப்படி இருக்கா? எல்லாரும் எண்ணெய் எங்க வாங்குறீங்க?" என்றுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் அதுவரை எண்ணெய் என்று வாயே திறக்கவில்லை. பிரமதண்டு என்று கொள்ளிடக் கரையில் மஞ்சள் பூப் பூத்து முள்ளாகக் கிடக்குமே, அதன் விதையை ஆட்டிக் கலந்திருந்தால் இப்படி வருமாம். இருதயத்தைப் பிடிக்குமாம். ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கிச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை அந்த எண்ணெயைத் தொடக்கூடாது என்றார்கள்.

எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்குக் கடலை எண்ணெய்தான் பிடிக்கும், பொன்மலை ஒர்க்ஷாப்பிலிருந்து வரும்போது அங்கேயே வாங்கி வந்துவிடுவார். அந்த ஒரு பழக்கம் எங்களைக் காப்பாற்றியது.

அண்ணி எந்த எண்ணெயில் சமைக்கிறாள்?

சந்திரா

*

துறையூர்,
30.7.1962

அன்புள்ள சந்திரா,

நான் வந்து போனதை மாப்பிள்ளை ரெங்கராஜைத் தவிர யாரிடமும் சொல்லாதே. உன் வீட்டில் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் திரும்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அந்த அம்மா என்னை யாரென்றே கேட்காமல் காலை நீட்டியது. "அழுத்துங்கண்ணே, வலிக்காது" என்றது. பஸ் துறையூர் வந்து சேரும்வரை என் பெருவிரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னுடையது மாதிரியே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பவுனம்மாளைக் காலை நீட்டச் சொன்னேன். "என்ன இது புதுசா இருக்கு, மாசமா இருக்கிறவ காலைப் பிடிச்சு விடப் போறீங்களா?" என்று சிரித்தாள். அழுத்தினேன். குழி விழுந்தது சந்திரா. கொஞ்சம் பொறுத்து மேலே வந்தது. மாரியாயிக்கு விழுந்த அளவு இல்லை. ஆனால் விழுந்தது. மருத்துவச்சி சந்தோஷமாகச் சொல்கிறாள், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம், பிள்ளை பெற்றால் வடிந்துவிடும் என்று. அது இதுவா, இது அதுவா என்று எனக்கு யார் சொல்வார்கள்? மூன்று மாதமாக எங்கள் வீட்டில் கடை எண்ணெய்தான். பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று நானே கூடுதலாக வாங்கி வந்து ஊற்றச் சொன்னேன். அவளிடம் எதையும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த எண்ணெயைக் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டிவிட்டேன். எறும்பு விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே இன்னொரு கண்டம். ஒவ்வொரு கிளையிலும் எல்லாரும் ஒரே வாக்கியத்தை எழுதி அனுப்ப வேண்டுமாம், கையெழுத்தை ஒத்துப் பார்க்க. நான் பெருவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, டின் தகரம் கிழித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள். தினமும் குளித்ததும் புதுத்துணி சுற்றுகிறேன். பவுனம்மாள் அதில் மஞ்சள் பற்றுப் போட வருகிறாள். காயமே இல்லாத விரலை அவளிடமிருந்து மறைப்பது பெரும்பாடாக இருக்கிறது.

நீ கேட்பாய், எனக்குத் தெரியும். கடையில் அந்த எண்ணெயை இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். மேலேயிருந்து உத்தரவு வராமல் கிளை மானேஜர் எப்படி நிறுத்துவது? சென்னையிலிருந்து பதில் வரட்டும். ஒருவேளை எண்ணெயில் ஒன்றுமில்லை என்று வந்தால்? அதுவரை பொறு. அந்தப் புத்தகப் பக்கம் போகாதே.

அழகிரி

*

ஸ்ரீரங்கம்,
8.8.1962

அண்ணனுக்கு,

மாரியாயி செத்துப்போய்விட்டாள்.

ஆடிப் பெருக்கன்று ஆற்றுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நடக்க முடியவில்லை. நானும் மயிலம்மாளும் கைத்தாங்கலாகச் சந்து முனைவரை கூட்டிப் போனோம். அதற்கு மேல் முடியவில்லை. அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்து, போகிற பெண்கள் தலையில் இருக்கும் பூவைப் பார்த்து இது யார் கட்டியது, அது யார் கட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் மூச்சுக்குத் தவித்தாள். வண்டி பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது.

அவள் புருஷன் வீரமலை அழக்கூட இல்லை. என்னிடம் வந்து கேட்டார்: "நாம பொஸ்தகத்துல எழுதினோமேம்மா, அதுக்கு யாரும் வந்து பாக்கலியா?" நான் என்ன சொல்வேன்? என் கூடப்பிறந்தவர் வந்து பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், ஊருக்குப் போய் விரலில் துணி சுற்றிக்கொண்டார் என்றா?

நீங்கள் உங்கள் வீட்டு எண்ணெயைக் கொட்டிவிட்டீர்கள். நல்லது. அண்ணி நன்றாக இருக்க வேண்டும், தினமும் கோயிலில் தாயாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். துறையூரில் வேறு பிள்ளைத்தாய்ச்சியே இல்லையா? உங்கள் கடைக்கு வந்து கிண்ணத்தை நீட்டுகிறவர்களிடம் எறும்பு விழுந்தது என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தால் மாரியாயி எழுந்து வந்து பூக்கட்டுவாளா?

உங்களுக்குப் பயம். எனக்கும் பயம்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போலீஸ்தானோ என்று அடுப்படிக்கு ஓடுகிறேன். ஆனாலும் நேற்று அந்தக் கடைக்குப் போனேன். புது நோட்டுக் கட்டியிருந்தார்கள். முதல் பக்கத்தில் மாரியாயி செத்ததை எழுதி, கீழே என் பெயரையே போட்டுவிட்டு வந்தேன். அவசரத்தில் கிறுக்கியதில் எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அம்மா பெயரை எழுதத் துணிந்த கை உங்களுடையது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்வதற்கில்லை. இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.

சந்திரம்மாள்

*

துறையூர்,
17.8.1962

சந்திரா,

கடிதம் வேண்டாம் என்றாய். இதை மட்டும் படி.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் ஊற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவேன். மூன்றாம் நாள் காலையில் செல்லக்கிளி என்று ஒரு பெண் வந்தது. வாராவாரம் வருகிற பெண்தான். வழக்கமாக வாங்குவதுபோல் இரண்டு மடங்கு கேட்டது. "என்னம்மா விசேஷம்?" என்றேன். "வளைகாப்புண்ணே, எனக்குத்தான்" என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தது. குனிந்த தலையோடு சேர்ந்து நானும் கீழே பார்த்தேன். கொலுசு தோலுக்குள் புதைந்திருந்தது.

தூக்குப் பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் கேட்க, "இந்த எண்ணெய் வேண்டாம். வீட்டுல இருக்கிறதையும் கொட்டிடுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. டின்களைப் பின்னறையில் போட்டுப் பூட்டி, சாவியைப் பஞ்சாயத்துச் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

பிறகு பெருவிரல் துணியை அவிழ்த்துவிட்டு, சங்கிலிப் புத்தகத்தைத் திறந்து எழுதினேன். என்ன எழுதினேன் என்று உனக்கு அப்படியே எழுதுகிறேன்:

"இந்தக் கடை நல்லெண்ணெயைச் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்குகிறது. ஸ்ரீரங்கத்தில் மாரியாயி என்பவர் இறந்துவிட்டார். தெரிந்த பிறகும் பதினைந்து நாள் நான் விற்றேன். இதே புத்தகத்தில் தை மாதம் சரக்கு சுத்தம் என்று வேலம்மாள் பெயரில் எழுதியவனும் நானே. வேலம்மாள் என் தாயார். அவர் உயிரோடு இல்லை. இப்படிக்கு, கிளை மானேஜர் அழகிரி."

மறுநாளே தலைமை ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அந்தப் பக்கத்தையும் பையில் வைத்திருந்த தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஸ்ரீரங்கத்துல எழுதினதும் நீதானாய்யா? எவன்கிட்ட காசு வாங்கினே?" என்று கத்தினார். "இல்லீங்க, அது என் தங்கச்சி கை. ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார்" என்றேன். "அந்த எட்டு பொம்பளைங்களும் இருக்காங்க. வாங்க, காட்டுறேன். ஒருத்திதான் இப்ப இல்ல. இல்லாத பொம்பளை பேரைப் போட்டு எழுதினவன் நான் ஒருத்தன்தாங்க."

அந்த எட்டையும் எழுதியது நீ என்று உன் பெயரைச் சொல்லிவிட்டேன் சந்திரா. அதற்கு என்னை மன்னித்துவிடு. சொல்லாமல் இருந்தால் மாரியாயி பொய்யாகப் போயிருப்பாள். போலீஸ் வந்தால் பயப்படாதே என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

வேலை போய்விட்டது. அது ஒன்றும் இப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஊரில் பீதி பிடித்துவிட்டது. வீட்டு வாசலில் பெண்கள் வந்து நின்று புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, "பாருங்கண்ணே, எனக்கும் வந்துடுச்சா?" என்கிறார்கள். நான் டாக்டரா? சிலர் திட்டுகிறார்கள், சிலர் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். செல்லக்கிளியின் மாமியார் வந்து, "தெரிஞ்சே ஊத்தினியா, பாவி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆமாம் என்றேன். செல்லக்கிளியைத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தகவல் இல்லை. முடிந்தால் போய்ப் பார்.

அந்தச் சத்தத்தில் பவுனம்மாளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. உள்ளே போய், எண்ணெய் இருந்த ஜாடியை எடுத்து வந்து முற்றத்துக் கல்லில் போட்டு உடைத்தாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் என் முன்னால் வந்து உட்கார்ந்து காலை நீட்டுகிறாள். நேற்றைக்கும் இன்றைக்கும் குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று நான் அழுத்திப் பார்த்துச் சொல்ல வேண்டும். நானும் விரலை வைக்கிறேன். அழுத்த முடியவில்லை. வைத்துவிட்டு எடுத்துவிடுகிறேன், கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்கிறேன். அவள் என் முகத்தையே பார்க்கிறாள். அதற்குள் பிள்ளை உதைத்தால் இரண்டு பேருக்கும் மூச்சு வருகிறது. அரைநாள் உதைக்காவிட்டால் இரண்டு பேரும் அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

திருச்சிக்கு அவளைக் கூட்டி வர வேண்டும். உன் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். தனியாக அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வர எனக்குத் துணிவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நீ வந்துவிடு சந்திரா. நீ வந்து அழுத்திப் பார். உன் முகத்தைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

அண்ணன்